திறப்பு யார் கையில்?

கேள்வி: நிலாவெளியில் பதினொரு அறைகள் கொண்ட விடுதி நடத்துகிறேன். அறைப் பதிவு மென்பொருளைக் கொழும்பிலுள்ள ஒருவர் ஆறு வருடமாகப் பராமரித்து வருகிறார். பிழை ஏதும் வந்தால் அங்கிருந்தபடியே எனிடெஸ்க் என்ற தொலை இணைப்பு மென்பொருள் மூலம் எங்கள் கணினிக்குள் வந்து சரிசெய்துவிடுவார். நாங்கள் பக்கத்தில் இருக்கவும் தேவையில்லை. இது ஆபத்து என்கிறான் என் மகன். நல்ல மனிதரை எப்படி அம்மா சந்தேகிப்பது?

பதில்: மகன் சொல்வது சரி. அந்த மனிதர் நல்லவராகவே இருக்கட்டும். ஆறு வருடம் உழைத்தவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருடைய மடிக்கணினி பஸ்ஸில் தொலைந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யோசியுங்கள். எடுத்தவன் உங்கள் வரவேற்பறைக் கணினியை அவர் பெயரிலேயே திறப்பான். விருந்தினரின் கடவுச்சீட்டுப் படங்களும் அதில்தானே இருக்கின்றன?

திருகோணமலையில் ஓர் அலுவலகத்தின் கணினிப் பிரிவில் 26 வருடம் வேலை செய்தேன். ஒருநாள் இணையம் நின்றுபோக, ரவுட்டரைக் கையிலெடுத்துக் கவிழ்த்தேன். அடியில் ஒரு வெள்ளை ஒட்டுத்தாள், அதில் நீலப் பேனாவால் நிர்வாகிக் கடவுச்சொல். பொருத்திக் கொடுத்த நிறுவனத்துப் பையன் எழுதியது. 7 என்ற எண்ணின் நடுவே ஒரு குறுக்குக் கோடு போடுவது அவன் பழக்கம். இரண்டு கிழமை கழித்து, உட்துறைமுக வீதியில் உறவினர் ஒருவரின் கடைக்குப் போனேன். அங்கும் அதே நிறுவனம்தான் பொருத்தியிருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அதே ஒட்டுத்தாள், அதே கோடு போட்ட 7, எழுத்துக்கு எழுத்து அதே கடவுச்சொல். அந்தப் பையன் வேலையை விட்டுப்போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர்கள் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஊரில் எத்தனை கடைகளுக்கு இந்த ஒரே திறப்போ என்று நினைத்து அன்றிரவு நான் உறங்கவில்லை.

பெரிய இடங்களும் இப்படித்தான் அகப்படுகின்றன. 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டன. திருடர்கள் நுழைந்தது, டார்கெட்டுக்குக் குளிரூட்டல் வேலை செய்துவந்த ஒப்பந்த நிறுவனம் ஒன்றின் கடவுச்சொல்லைக் களவாடி. பற்றுச்சீட்டு அனுப்புவது போன்ற காரியங்களுக்காக அந்த நிறுவனத்துக்குக் கொடுத்திருந்த வழி அது. குளிரூட்டிக்காரருக்கும் வங்கி அட்டைக்கும் என்ன தொடர்பு என்று யாரும் முன்கூட்டி யோசித்திருக்க மாட்டார்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது பெரிய வேலையல்ல. உங்கள் அனுமதி இல்லாமலே உள்ளே வர உதவும் நிரந்தரக் கடவுச்சொல்லை எனிடெஸ்க்கிலிருந்து நீக்கிவிடுங்கள். இனி அவர் தொலைபேசியில் சொல்லட்டும், நீங்கள் திரையில் சம்மதம் கொடுங்கள், வேலை முடிந்ததும் இணைப்பைத் துண்டியுங்கள். அவருக்கென்று தனிக் கணக்கு இருக்கட்டும். உங்கள் கணக்கில் அவர் நுழையக்கூடாது. எந்தத் தேதியில் எதற்காக வந்தார் என்று ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். கடவுச்சீட்டுப் படங்களை அந்தக் கணினியிலிருந்து அகற்றுங்கள். மே மாதம் பருவம் தொடங்கிவிட்டால் இதற்கெல்லாம் உங்களுக்கு நேரம் கிடைக்காது. அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். இதைச் சொல்லும்போது அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்றே நினைக்கிறேன். நாளை ஏதும் களவு போனால், முதலில் பழி வருவது அவர்மேல்தான். அந்தக் கொப்பி அவரையும் காக்கும்.

கேள்வி: கிண்ணியாவில் மீன் வியாபாரம். பெட்டிகள் வழங்கும் நிறுவனத்திலிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இனிப் புதிய கணக்குக்கே பணம் போடுங்கள் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பற்றுச்சீட்டு இலக்கம், தொகை எல்லாம் சரியாக இருக்கின்றன. போடலாமா?

பதில்: இப்போது போடாதீர்கள். அவர்களுடைய பழைய பற்றுச்சீட்டுப் புத்தகத்தை எடுத்து, அதில் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கு அழைத்து, உங்களுக்குப் பழக்கமான குரலிடம் கேளுங்கள். மின்னஞ்சலில் உள்ள எண்ணுக்கு அழைக்க வேண்டாம். விவரங்கள் சரியாக இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது: வழங்குநரின் மின்னஞ்சல் பெட்டியே திருடர் கையில் இருந்தால், உங்கள் பழைய கடிதங்களைப் படித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். ஏற்கெனவே போட்டுவிட்டீர்கள் என்றால், இந்தப் பத்தியை முழுதாகப் படிக்க வேண்டாம். உடனே வங்கிக்கு ஓடுங்கள், பிறகு பொலிஸ்.

கேள்வி: உவர்மலையில் சிறிய மருத்துவ நிலையம் வைத்திருக்கிறோம். நோயாளர் அறிக்கைகளை வெளி நிறுவனம் ஒன்றின் கணினியில் சேமிக்கிறோம். அங்கிருந்து கசிந்தால் பொறுப்பு அவர்களுடையதுதானே?

பதில்: இல்லை, உங்களுடையதும்தான். இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டிய தாய் உங்களை நம்பித்தான் நீட்டினார்; அந்த நிறுவனத்தின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இதே வழியில்தான் செல்கிறது. தரவை எதற்காக, எப்படிப் பயன்படுத்துவது என்று தீர்மானிப்பவர், தன் சார்பில் அதைக் கையாள்பவரைத் தகுதி பார்த்துத் தெரிவு செய்து ஒப்பந்தத்தால் கட்டவேண்டும் என்கிறது. உடல்நலத் தகவல் அதில் விசேட வகையைச் சேர்ந்தது.

ஆகவே அவர்களிடம் எழுத்தில் கேளுங்கள். தரவு எங்கே இருக்கிறது? அவர்கள் வேறு யாருக்காவது அந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்களா? கசிவு நடந்தால் எத்தனை மணி நேரத்துக்குள் உங்களுக்குச் சொல்வார்கள்? ஒப்பந்தம் முடிந்ததும் எல்லாவற்றையும் திருப்பித் தந்து அழிப்பார்களா? பதில் தரத் தயங்கும் நிறுவனத்தை விட்டு விலகுங்கள். மலிவு என்பதற்காக அங்கே தங்காதீர்கள். அவர்கள் எத்தனை பிரதி எடுத்தாலும் உங்களிடமும் ஒன்று இருக்கட்டும். 2023 ஆகஸ்டில் நம் அரச மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டபோது, மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் மீளவில்லை. அந்தக் காலத்துக்கான பிரதி இருக்கவில்லை.

கேள்வி: திருகோணமலை வளாக மாணவன். முறையாக விலைக்கு வாங்கிய மென்பொருளின் மூலமே ஆபத்து வந்தால் என்ன செய்யமுடியும்?

பதில்: நல்ல கேள்வி, தம்பி. 2017 ஜூன் 27 அன்று அப்படித்தான் நடந்தது. உக்ரைனில் வரிக்கணக்குக்குப் பரவலாகப் பயன்பட்ட எம்.ஈ.டொக் என்ற மென்பொருளின் புதுப்பிப்புக்குள் நொட்பெட்யா என்ற நாசநிரலை நுழைத்துவிட்டார்கள். மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் அதில் சிக்கியது. 4,000 சேவையகங்களையும் 45,000 கணினிகளையும் பத்து நாளில் மீண்டும் நிறுவவேண்டி வந்தது. வலையமைப்பின் பயனர் பட்டியலை வைத்திருக்கும் சேவையகங்கள் எல்லாம் அழிந்தபோது, கானாவில் ஒன்று மட்டும் தப்பியிருந்தது. தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் தடைப்பட்டிருந்ததுதான் காரணம். அதிலிருந்த தரவைக் கையில் சுமந்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார்கள்.

நாம் மின்வெட்டை நம்பியிருக்க முடியாது. கணக்கு மென்பொருளுக்குத் தனிக் கணினி ஒதுக்குங்கள். மற்றக் கணினிகளுக்கு அதிலிருந்து வழி வேண்டாம். வெள்ளிக்கிழமை தோறும் வெளி வட்டில் பிரதி எடுங்கள். எடுத்ததும் வட்டைக் கழற்றி அலுமாரியில் வைத்துப் பூட்டுங்கள். செருகியபடியே இருக்கும் வட்டையும் நாசநிரல் விட்டுவைக்காது.