6 அங்குலம் விட்டால் போதுமா?

கேள்வி: வீட்டைப் புதுப்பித்துக்கொண்டிருக்கிறோம். கூடத்தில் விறகு எரிக்கும் பழைய செங்கல் கணப்படுப்பு இருக்கிறது. வாய் 36 அங்குல அகலம், 30 அங்குல உயரம். இடித்த வீடு ஒன்றிலிருந்து கழற்றிய மர மேன்டலை (கணப்பின் வாயைச் சுற்றி மாட்டும் அலங்காரச் சட்டம்) அதைச் சுற்றிப் பொருத்த வாங்கினோம். உள் அளவு 48க்கு 36, கால்களும் மேல்சட்டமும் 2 அங்குலத் தடிமன். "மூன்று பக்கமும் 6 அங்குலம் இடைவெளி இருக்கு, விதிப்படி சரி" என்கிறார் விற்றவர். அப்படியே மாட்டிவிடலாமா?

பதில்: அப்படியே மாட்டாதீர்கள். மேன்டலை வீணாக்கவும் வேண்டாம், வழி இருக்கிறது. ஆனால் விற்றவர் உங்களிடம் பாதி விதியைத்தான் சொல்லியிருக்கிறார்.

அவர் சொல்வது அமெரிக்க வீட்டுக் கட்டட விதி. நெருப்பு வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் மரமே கூடாது என்பது அதன் முதல் பாதி. மறுபாதி இது: 12 அங்குலத்துக்குள் வரும் மரம், வாயிலிருந்து தள்ளியிருக்கும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் எட்டில் ஒரு பங்கு அங்குலம் மட்டுமே முன்னால் துருத்தலாம். 6 அங்குலத் தூரத்தில் அது முக்கால் அங்குலம். உங்கள் மேன்டலின் காலோ 2 அங்குலம் துருத்துகிறது. துருத்தி நிற்கும் மரத்தின் உள்விளிம்பில் அனல் நேராகப் படும். வருடக்கணக்கில் சூடேறிக் காய்ந்த மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றும். அதனால் "ரெண்டு வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இவ்வளவு முக்கியமான விஷயத்தைச் சட்டமொழியில் ஒரே வரியில் அடைத்து வைத்திருக்கிறார்கள். தச்சரைக் கேட்டால் புகைபோக்கி ஆளைக் கைகாட்டுவார். அவர் மரவேலை தன்னுடையது இல்லை என்பார். கட்டட ஆய்வாளர் எல்லாம் முடிந்தபிறகு வந்து பிரிக்கச் சொல்வார். விற்றவரை மட்டும் யாரும் கேட்பதில்லை. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

சரி, வழி என்ன? வாயைச் சுற்றியுள்ள அந்த 6 அங்குலப் பட்டையில் கல் பதியுங்கள். கல்லும் அடிப்பூச்சுமாக ஒன்றேகால் அங்குலம் வரட்டும். கணப்பின் முகம் அந்த அளவு முன்னால் வந்துவிடும், மரம் அதைத் தாண்டி முக்கால் அங்குலம்தான் நிற்கும். மூன்று பக்கத்துக்கும் தனித்தனித் துண்டாக, சூடு தாங்கும் பசையில் ஒட்டச் சொல்லுங்கள். வேலை தொடங்கும் முன்பே இந்த அளவுகளை ஆய்வாளரிடம் காட்டிவிடுங்கள். வாயை மட்டும் பெரிதாக்க விடாதீர்கள். புகைபோக்கியின் குறுக்களவு வாய்க்கு ஏற்றபடி கட்டப்பட்டது, வாய் பெருத்தால் புகை அறைக்குள் திரும்பும்.

அப்புறம் தரை. உங்கள் கணப்பின் வாய் ஏழரைச் சதுர அடி. 6 சதுர அடியோ அதற்கு மேலோ உள்ள வாய்க்கு, எரியாத தளம் முன்னால் 20 அங்குலமும் இரு பக்கமும் 12 அங்குலமும் வேண்டும். புதுக் கல்லின் முகத்திலிருந்து அளவெடுங்கள், பழைய செங்கலிலிருந்து அல்ல.

மாட்டுவது சுலபம்தான். சுவரில் ரீப்பர் அடித்து, ரசமட்டம் பார்த்து, அதன்மேல் திருகாணியால் இறுக்க வேண்டும். சுவர் கோணலாக இருந்தால் மரத்தின் பின்விளிம்பைச் சுவருக்கு ஏற்றபடி இழைக்கலாம், முன்பக்கத்தைத் தொடக் கூடாது.

கணப்பில் இனி நெருப்பே வைக்கப்போவதில்லை என்றால் இந்த அளவுகள் வேண்டியதில்லை. ஆனால் "நாங்கள் பற்றவைக்க மாட்டோம்" என்று மனதில் நினைத்துக்கொள்வது போதாது. மழைநாளில் வரும் விருந்தாளி பற்றவைப்பார், வீட்டை நாளை வாங்குகிறவர் பற்றவைப்பார், அவர்களுக்கு உங்கள் முடிவு தெரியாது. வாயைச் செங்கல் வைத்து அடையுங்கள், உள்ளே ஈரம் கோக்காமல் இருக்கக் காற்றுத்துளை ஒன்று விடுங்கள், புகைபோக்கியின் உச்சியில் மழை இறங்காத மூடி போடுங்கள். மூன்றும் முடிந்தபிறகு மரத்தை எவ்வளவு நெருக்கமாக வைத்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

விற்றவரைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். ஒரு வீட்டின் கால்களையும் இன்னொரு வீட்டின் மேற்பலகையையும் சேர்த்து "ஒரே செட்" என்று விற்பது இந்த வியாபாரத்தில் சகஜம். திருப்பிப் போட்டு முதுகைப் பாருங்கள்: மரத்தின் நிறமும் ரம்பத் தடமும் ஒத்துப்போக வேண்டும். "சுத்தம் பண்ணித் தர்றோம்" என்று காஸ்டிக் சோடாத் தொட்டியில் முக்குவார்கள். மூட்டுகளின் பழைய பசை விட்டுப்போகும், ஒட்டியிருக்கும் பூவேலை கரைந்து உதிரும். கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

பெயின்ட் இருந்தால் உப்புத்தாளையும் எடுக்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயத்தை அமெரிக்காவே 1978இல்தான் தடை செய்தது. பழைய பூச்சைத் தேய்த்தால் பறக்கும் தூசி குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஈயச் சோதனைக் குச்சி வாங்கி, எல்லா அடுக்கும் தெரியும்படி ஓரத்தில் சின்னதாகச் சுரண்டி நீங்களே பாருங்கள். ஈயம் இருந்தால் அந்த வேலை தெரிந்தவரிடம் விடுங்கள். அதுவரை மேன்டலைக் குழந்தைகள் நடமாடும் அறையில் வைக்க வேண்டாம்.