ஓய்வு பெற்ற பிறகு இங்கிலாந்தில் பழைய ரோல்ஸ்-ராய்ஸ், பென்ட்லி, ஜாகுவார் வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

அடுத்த வருடம் ஓய்வு, வீடு லண்டன் ஓரத்தில், கையில் பத்துப் பன்னிரண்டாயிரம் பவுண்டு, வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஓட்டினால் போதும் என்று எழுதியிருக்கிறீர்கள். மனதில் இருப்பவை ரோல்ஸ்-ராய்ஸ் சில்வர் ஷேடோ, பென்ட்லி டர்போ ஆர், ஜாகுவார் எக்ஸ்ஜே. இந்த மூன்றையும் நானும் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடைசியில் 2005 எக்ஸ்ஜே6 ஒன்றை வாங்கி இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். அதனால் பதிலில் ஜாகுவார் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும், கழித்துக்கொண்டு படியுங்கள்.

வாங்கலாம். ஆனால் லண்டன் என்று சொல்லிவிட்டதால் முதலில் யூலெஸ், அதாவது புகைத் தரத்தில் தேறாத வண்டிகளுக்கு அங்கே வாங்கும் தினக் கட்டணம், அந்தக் கணக்கை முடித்துவிடலாம். பாதி வண்டிகள் அதிலேயே கழிந்துவிடும். 2023 ஆகஸ்ட் 29-இலிருந்து லண்டன் பரோக்கள் அத்தனையிலும் அது உண்டு. தேறாத வண்டியை வெளியே எடுத்தால் அன்றைக்கு 12.50 பவுண்டு. வாரம் மூன்று நாள் என்றால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டாயிரம் போய்விடும். பெட்ரோல் வண்டி யூரோ 4 என்ற புகைத் தரத்தில் இருந்தால் கட்டணம் இல்லை. 2006-க்குப் பிறகு வந்தவை பொதுவாகத் தேறும், அதற்கு முன்னால் வந்தவற்றிலும் பல தேறும். நம்பர் பிளேட்டை லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் போட்டால் உடனே சொல்லிவிடும். நாற்பது வயது தாண்டி 'ஹிஸ்டாரிக்' வகுப்பில் பதிவாகிவிட்டால் மறுபடியும் விலக்கு.

ஆக லண்டன்காரருக்கு மிகப் பழையது சரி, ஓரளவு புதியது சரி, நடுவில் இருப்பதுதான் தொல்லை. அந்த நடுவில் மாட்டுவதில் நல்ல வண்டிகள் இருக்கின்றன என்பதுதான் வயிற்றெரிச்சல். 1994 முதல் 1997 வரை எக்ஸ்300 என்ற குறியீட்டில் வந்த ஜாகுவார் எக்ஸ்ஜேயைச் சொல்கிறேன். ஃபோர்டு கம்பெனி ஜாகுவாரை வாங்கி, பணத்தைக் கொட்டித் தரத்தைச் சரிசெய்த பிறகு வந்தது. அதன் ஏஜே16 ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒழுங்காக ஆயில் மாற்றினால் சலிக்காமல் ஓடும். நீங்கள் லெஸ்டரிலோ நார்விச்சிலோ இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அதைத்தான் சொல்லியிருப்பேன். டர்போ ஆர் 1985 முதல் 1997 வரை வந்தது. அதிலும் ஆரம்ப வருட வண்டிகள்தான் இப்போது நாற்பதைத் தொடுகின்றன.

ஷேடோவுக்கு வருவோம். 1965-இல் அறிமுகமாகி 1980 வரை க்ரூ தொழிற்சாலையில் செய்தார்கள். எல்லாமே நாற்பதைத் தாண்டியவை என்பதால் சாலை வரி கிடையாது, யூலெஸ் கிடையாது, வண்டி சாலைக்குத் தகுதியா என்று வருடா வருடம் பார்க்கும் எம்ஓடி பரிசோதனைகூடக் கட்டாயமில்லை. கேட்க இனிப்பாக இருக்கும். அந்தக் கடைசிச் சலுகைதான் வாங்குகிறவருக்குப் பள்ளம். 2018 மே மாதம் விலக்கு வந்ததும் பல பேர் பரிசோதனைக்கு அனுப்புவதையே நிறுத்திவிட்டார்கள். வண்டியின் அடிப்பகுதியை வெளியாள் யாரும் அத்தனை வருடமாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். விருப்பப்பட்டு வருடா வருடம் எம்ஓடி எடுத்த உரிமையாளரின் வண்டியை மட்டும் பாருங்கள். மற்றவர்களிடம், "புதிதாக ஒரு எம்ஓடி எடுத்துக் கொடுங்கள், செலவு என்னுடையது" என்று சொல்லிப் பாருங்கள். யார் தயங்குகிறார்கள் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

ஷேடோவின் எஞ்சினும் கியர்பாக்ஸும் சாமானியமாகப் படுக்காது. கியர்பாக்ஸ் பிற்பாடு ஜெனரல் மோட்டார்ஸிடமிருந்து வாங்கிப் போட்டது, முரட்டுச் சாமான். செலவு ஒளிந்திருப்பது ஹைட்ராலிக்கில். சிட்ரோயன் கம்பெனியின் உரிமம் பெற்றுச் செய்த உயர் அழுத்த அமைப்பு அது. பிரேக்கும் பின்பக்க உயரத்தைச் சமன் செய்யும் வேலையும் அதன் தலையில். இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துங்கள். சாவியை மறுபடி திருப்பி, எஞ்சினை இயக்காமல் பிரேக்கை மிதித்து விட்டு மிதித்து விட்டு எண்ணுங்கள், எச்சரிக்கை விளக்கு எப்போது எரிகிறது என்று. நல்ல வண்டி இருபது, முப்பது மிதிக்குக்கூடத் தாங்கும். பத்துக்குள் எரிந்தால் அழுத்தத்தைச் சேமித்து வைக்கும் உருண்டைகள் சோர்ந்துவிட்டன. அவற்றைச் சரிசெய்ய முடியும். இப்படிச் சோதித்தாலே வந்த ஆள் விவரம் தெரிந்தவர் என்பதை விற்பவர் புரிந்துகொள்வார், விலை பேச அது உதவும்.

ஷேடோவுக்கு ஊற்றுவது அதற்கென்றே உள்ள பிரேக் திரவம். 1980-க்குப் பிறகு வந்த சில்வர் ஸ்பிரிட்டுக்கும் டர்போ ஆருக்கும் மினரல் ஆயில். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல்கள் அத்தனையும் போய்விடும். தெருமுனை மெக்கானிக்கிடம் விட்டு வாங்க முடியாத வண்டி என்பது இதனால்தான். பெட்ரோலும் கேலனுக்கு 12, 13 மைல்தான். நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்கு நாலரைக் கிலோமீட்டர். உங்கள் பணத்துக்கு ஷேடோ விளம்பரங்கள் வரத்தான் செய்கின்றன. ஆனால் அந்த விலைக்கு வருகிறவை பெரும்பாலும் கல்யாண வாடகைக்கு ஓடி, வெள்ளை பெயின்ட் அடித்து, கதவுகளுக்குக் கீழே ஓடும் அடிச்சட்டம் துருப்பிடித்தவை. எனக்கு அவற்றின் மேல் ஆசை போனது பெயின்ட்டைப் பார்த்து இல்லை, விற்பவரிடம் பில் ஒன்றுகூட இல்லாததைப் பார்த்து. இன்னும் ஏழெட்டாயிரம் சேர்த்துப் போட முடியும் என்றால், ரோல்ஸ்-ராய்ஸ் என்தூசியஸ்ட்ஸ் கிளப்பில் முதலில் சேர்ந்துவிட்டு, அங்கே உறுப்பினர்கள் விற்கும் வண்டியைப் பாருங்கள். 1957-இலிருந்து இருக்கும் கிளப். அங்கே ஆட்கள் ஒருவருக்கொருவர் வண்டியைத் தெரிந்து வைத்திருப்பார்கள்.

டர்போ ஆரைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஓட்டிப் பார்த்தேன், அடடா. ஏறத்தாழ இரண்டரை டன் எடையை 6.75 லிட்டர் எஞ்சின் பிடித்துத் தள்ளும்போது அறுபது வயது கழன்று விழும். பென்ஷனில் வைத்துக்கொள்ளும் வண்டி அல்ல அது, அவ்வளவுதான்.

மிஞ்சுவது ஜாகுவார். எக்ஸ்300-க்கு அடுத்து 1997-இல் வந்தது எக்ஸ்308, வி8 எஞ்சின். அழகான வண்டி. ஆனால் ஆரம்பத்தில், எஞ்சினுக்குள் ஓடும் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். அது உடைந்தால் எஞ்சினே போய்விடும். உலோக டென்ஷனர் மாற்றியதற்கு பில் இருக்கிறதா என்பதுதான் அங்கே முதல் கேள்வி. யூலெஸ் பிரச்சினை உங்களுக்கு அதிலும் வரலாம், நம்பரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

2003-இல் அடுத்த எக்ஸ்ஜேயாக எக்ஸ்350 வந்தது, என்னுடையதும் அதுதான். உடம்பு முழுக்க அலுமினியம், ரிவெட்டும் பசையும் போட்டு ஒட்டியது. பழைய ஆட்கள் கார் பார்க்கப் போகும்போது ஒரு சின்னக் காந்தத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார்கள். பெயின்ட்டுக்கு அடியில் புட்டி பூசியிருந்தால் காட்டிக்கொடுக்கும். எக்ஸ்350-இல் அந்தக் காந்தம் எங்கேயும் ஒட்டாது. ஷேடோவிலும் கதவுகளும் பானெட்டும் டிக்கி மூடியும் அலுமினியம்தான். அலுமினியம் துருப்பிடிக்காது என்று விளம்பரத்தில் எழுதியிருப்பார்கள். துரு வராது, ஆனால் கதவின் கீழ்விளிம்பில், வீல் வளைவுகளில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பும். இரண்டு கொப்புளம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். மோதி அடிவாங்கிச் சரிசெய்த வண்டி என்றால் மட்டும் விலகிவிடுங்கள். ஒட்டிச் செய்த அலுமினிய உடம்பைச் சரியாகப் பழுதுபார்க்கும் இடங்கள் குறைவு.

நம்மவர்கள் பலர் "டாடா கார்தானே, நம்ம கார்" என்பார்கள். டாடா வாங்கியது 2008-இல். நீங்கள் பார்க்கப்போகும் வண்டிகள் ஃபோர்டு காலத்தவை.

எக்ஸ்350-க்கு நாலு சக்கரத்திலும் ஏர் சஸ்பென்ஷன். அதனால் போய்ச் சேர்ந்ததும் கை குலுக்குவதற்கு முன்னால் வண்டி நிற்கும் நிலையைப் பாருங்கள். ஒரு மூலை மட்டும் தாழ்ந்திருந்தால் காற்று கசிகிறது. எஞ்சினைப் போட்டால் கம்ப்ரஸர் தூக்கி நிறுத்திவிடும், அப்புறம் ஒன்றும் தெரியாது. இதற்காகவே நான் எல்லா விற்பனையாளரிடமும் போனிலேயே ஒன்று சொல்லிவிடுவேன்: வண்டியை முந்தின இரவிலிருந்து தொடாதீர்கள், நான் வந்துதான் ஸ்டார்ட் பண்ண வேண்டும். ஒரு இடத்தில் போய் பானெட்டின் மேல் கை வைத்தால் இட்லிச் சட்டி மாதிரி சூடு. "குளிராக இருக்கிறதே, உங்களுக்காகத்தான் சூடுபண்ணி வைத்தேன்" என்றார் மனிதர் சிரித்துக்கொண்டே. நானும் சிரித்துக்கொண்டே, நாளைக் காலையில் வருகிறேன் என்றேன். அன்று சாயங்காலமே, வண்டி விற்றுப்போய்விட்டது என்று தகவல் வந்தது. விளம்பரம் அப்புறமும் ரொம்ப நாள் இருந்தது.

வீட்டை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே செய்ய வேண்டியது எம்ஓடி வரலாற்றைப் படிப்பது. அரசாங்கத் தளத்தில் நம்பரைப் போட்டால் காசில்லாமல் வரும். பாஸா ஃபெயிலா என்பதோடு நிறுத்திவிடாதீர்கள், 'அட்வைஸரி' என்று வரும் எச்சரிக்கை வரிகளைப் படியுங்கள். பிரேக் பைப்பில் லேசான துரு என்று ஒரு வருடம், அதே வரி அடுத்த வருடம், அதே வரி அதற்கடுத்த வருடம். சொன்னாலும் செலவு செய்யாத உரிமையாளர் என்பது தெரிந்துவிடும். மைல் கணக்கையும் கவனியுங்கள். வருடம் எட்டாயிரம் ஓடிய வண்டி திடீரென்று நான்கைந்து வருடம் முந்நூறு, இருநூறு என்று வந்தால் அது சும்மா நின்ற வண்டி. குறைந்த மைல் என்று அதற்குக் கூடுதல் விலை வேறு கேட்பார்கள். நின்ற வண்டிதான் அதிகச் செலவு வைக்கும். சீல் காயும், பெட்ரோல் பைப் வெடிக்கும், டயர் தேயாமலே கெட்டுப்போகும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2314 என்றால் 2014-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்தது.

நான் வாங்கிய வண்டியில் என்னைக் கவர்ந்தது தடிமனான ஒரு ஃபைல். நாலு டயரும் ஒரே பிராண்டு, ஒரே வயது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்பது ஜாகுவார் சொன்னது. ஆனால் அந்த கியர்பாக்ஸைச் செய்த இசட்எஃப் கம்பெனியோ 50,000 முதல் 75,000 மைலுக்குள் மாற்றச் சொல்கிறது. எனக்கு வண்டியை விற்ற பெரியவர் மாற்றியிருந்தார், பில்லும் இருந்தது. வைப்பர் பிளேடுக்குக்கூட ரசீது குத்தி வைத்திருந்தார். இப்படிப்பட்டவரிடம் ஆயிரம் பவுண்டு அதிகம் கொடுத்தாலும் நஷ்டமில்லை. உங்கள் பணத்தில் முழுவதையும் வண்டிக்கே கொட்டிவிடாமல் மூன்றில் ஒரு பங்கை முதல் வருடச் செலவுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். அதைத் தொடாமலே வருடம் ஓடிவிட்டால் வீட்டில் நல்ல பெயர்.

வரியில் ஒரு சூட்சுமம் உண்டு. 2001 மார்ச்சிலிருந்து பதிவான வண்டிகளுக்குப் புகையில் வரும் கார்பன் டை ஆக்சைடின் அளவை வைத்து, ஏ முதல் எம் வரை பிரிவு பிரித்து வரி. அதில் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவானவை எவ்வளவு கக்கினாலும் கே பிரிவுக்கு மேல் போகாது. அந்தத் தேதிக்குப் பின் பதிவான அதே பெட்ரோல் எக்ஸ்ஜே எல் அல்லது எம் பிரிவில் விழும். வருடத்துக்கு ஏறத்தாழ முந்நூறு பவுண்டு அதிகம். ஒரே வண்டி, ஒரே எஞ்சின், லாக் புக் எனும் பதிவுச் சான்றில் தேதி மட்டும் வேறு. அதனால் யூலெஸில் தேறுகிற, 2006 மார்ச்சுக்கு முந்தைய மூன்று லிட்டர் எக்ஸ்ஜே6-ஐத்தான் உங்களுக்குச் சொல்வேன். டீசல் மைலேஜ் தருகிறதே என்று 2.7 டீசலைப் பார்க்காதீர்கள், லண்டனில் அது தேறாது.

உடம்பையும் யோசியுங்கள். வயசு ஆக ஆகக் காரில் ஏறுவதைவிட இறங்குவதுதான் சோதனை. பழைய எக்ஸ்ஜேக்கள் மிகத் தாழ்வு, கதவுச் சட்டத்தைப் பிடித்து எழ வேண்டும். எக்ஸ்350 கொஞ்சம் உயரம், ஷேடோவில் நாற்காலியில் உட்காருகிற மாதிரி உட்காரலாம். வீட்டுக்காரம்மாவையும் கூட்டிப்போய் உட்கார வைத்துப் பாருங்கள். நான் பார்த்த எக்ஸ்300 ஒன்றை ஒரே உட்காரலில் நிராகரித்தது என் மனைவிதான். அப்புறம் கராஜை அளந்துகொள்ளுங்கள். எக்ஸ்ஜே ஐந்து மீட்டருக்கு மேல் நீளம். முப்பதுகளில் கட்டிய வீட்டு கராஜில் உள்ளே விட்டால் கதவு மூடாது, மூடினால் நீங்கள் இறங்க முடியாது.

இன்ஷூரன்ஸ் பயப்படும் அளவுக்கு இல்லை. கிளாசிக் கார்களுக்கென்று உள்ள பாலிசியில் வருட மைலுக்கு வரம்பு வைத்து, வண்டியின் மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்டு எழுதுவார்கள். அந்த மதிப்பை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். எழுபது வயதில் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும், பிறகு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. அதற்கு இன்னும் நாள் இருக்கிறது உங்களுக்கு.

கடைசியாக, வாரம் இரண்டு மூன்று நாள் ஓட்டம் என்றீர்கள். எக்ஸ்350-இல் பாட்டரி கொஞ்சம் இறங்கினாலே ஹேண்ட்பிரேக் கோளாறு, சஸ்பென்ஷன் கோளாறு என்று டாஷ்போர்டு முழுக்க விளக்கு எரியும். கராஜுக்கு ஓடாதீர்கள். பாட்டரி டிக்கியில் இருக்கிறது. நாற்பது, ஐம்பது பவுண்டுக்கு பாட்டரியை மெதுவாக ஏற்றும் ஒரு டிரிக்கிள் சார்ஜர் வாங்கி ராத்திரி மாட்டிவிடுங்கள், பெரும்பாலும் காலையில் எல்லாம் அணைந்திருக்கும். பார்க்கும் வண்டியின் நம்பரையும் வருடத்தையும் கீழே கருத்துப் பகுதியில் போட்டால், எம்ஓடி வரலாற்றை நானும் ஒருமுறை படித்துவிட்டுச் சொல்கிறேன்.