'மைல்டுதான்' என்றால் மகளுக்கு ஏன் கோபம் வருகிறது?

கேள்வி: என் மகளுக்கு வயது 16. இரண்டு வருடங்களுக்கு முன்பு ஆட்டிசம் என்று கண்டறிந்தார்கள். அறிக்கையில் 'லெவல் 1' என்று இருக்கிறது. 'ஹை ஃபங்ஷனிங்தான், கவலைப்படாதீர்கள்' என்றார் டாக்டர். படிப்பில் கெட்டிக்காரி. ஆனால் பள்ளியிலிருந்து வந்ததும் விளக்கை அணைத்துவிட்டு இரண்டு மணி நேரம் யாரோடும் பேசாமல் படுத்துக்கிடக்கிறாள். உறவினர்களிடம் 'இவளுக்கு மைல்டுதான்' என்று சொல்லிவிட்டால் அன்று முழுக்க என்னோடு பேசுவதில்லை. என் தம்பி மகனுக்கு 9 வயது, இன்னும் பேச்சு வரவில்லை. அவனை யாராவது 'லோ ஃபங்ஷனிங்' என்றாலும் இவளுக்குத்தான் கோபம் வருகிறது. நான் சொல்வது நல்ல வார்த்தைதானே டாக்டர், அதில் என்ன தப்பு?

பதில்: நீங்கள் ஆறுதலாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் அவள் காதில் அது 'உனக்கு ஒன்றும் பெரிதாக இல்லை, சமாளித்துக்கொள்' என்று விழுகிறது. ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலருக்கும் இதே மனக்குறை உண்டு. 'ஹை' என்று முத்திரை விழுந்துவிட்டால் வாய்விட்டுக் கேட்டாலும் உதவி கிடைப்பதில்லை. 'லோ' என்று விழுந்துவிட்டால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலேயே எல்லாவற்றையும் பிறர் முடிவு செய்துவிடுகிறார்கள்.

'ஹை ஃபங்ஷனிங்' என்பது எந்த மருத்துவக் கையேட்டிலும் நோயறிதலாக இடம்பெற்றதில்லை. ஐ.க்யூ. (அறிவுத்திறன் அளவெண்) 70க்கு மேல் உள்ளவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்க்க 1980களில் ஆய்வாளர்கள் புழங்கத் தொடங்கிய சொல் அது. அறிவுத்திறன் குறைபாடு இல்லை என்பதற்கு மேல் அதில் சேதி கிடையாது. கேட்பவர்களோ, கணக்கு வருகிற பெண்ணுக்குக் குளிப்பது, நேரத்துக்குச் சாப்பிடுவது, தனியாகப் பயணம் போவது எல்லாமே தானாக வந்துவிடும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மேற்கு ஆஸ்திரேலியாவில் 2,225 குழந்தைகள், இளையவர்களின் பதிவுகளை வைத்து 2019இல் வெளியான ஆய்வு இந்த எண்ணத்தைச் சோதித்தது. ஐ.க்யூ.வை வைத்து அன்றாடத் திறனைத் துல்லியமாகக் கணிக்க முடியாது என்பதே முடிவு. அறிவுத்திறன் குறைபாடு இல்லாதவர்களிடம்தான் ஐ.க்யூ.வுக்கும் அன்றாடத் திறனுக்கும் இடையே பள்ளம் பெரிதாக இருந்தது. 'ஹை ஃபங்ஷனிங்' என்ற சொல்லையே கைவிட வேண்டும் என்று அந்த ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

சரி, 'லெவல் 1'? அது 2013இல் வந்த டி.எஸ்.எம்.-5 என்ற அமெரிக்க மனநலக் கையேட்டின் பிரிவு. உதவி தேவை, கணிசமான உதவி தேவை, மிகக் கணிசமான உதவி தேவை என்று மூன்று படிகள். சமூகத் தொடர்பு ஒரு பக்கம், திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளும் புலன் உணர்வுச் சிக்கல்களும் மறுபக்கம் என்று இரண்டுக்கும் தனித்தனியாக லெவல் போட வேண்டும் என்பது அந்தக் கையேட்டின் விதி. ஒருவருக்கு ஒன்றில் 1, மற்றதில் 2 இருக்கலாம். உங்கள் அறிக்கையில் ஒரே எண் இருந்தால், அடுத்த முறை போகும்போது இரண்டையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள். இன்னொன்றையும் அதே கையேடு சொல்கிறது, படிப்பவர்கள்தான் குறைவு: தீவிரம் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறும், இந்த எண்ணை வைத்து ஒருவருக்கு என்ன சேவை தருவது என்று தீர்மானிக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுக் கையேடான ஐ.சி.டி.-11, 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதில் லெவலே கிடையாது. அறிவுத்திறன் குறைபாடு உண்டா, பயன்பாட்டுக்கு மொழி எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கிறார்கள்.

இப்போது அந்த இரண்டு மணி நேரத்துக்கு வருவோம். உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப்பட்டது அதுதான். பள்ளியில் அவள் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். பேசுபவரின் கண்ணைப் பார்க்க முடியாமல் புருவத்தைப் பார்க்கிறாள். எவ்வளவு நேரம் பார்த்தால் போதும் என்று மனதுக்குள் கணக்கு வைத்துக்கொள்கிறாள். கை ஆடத் துடிக்கும்போது தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொள்கிறாள். 'நேற்று என்ன பண்ணினாய்?' என்று யாராவது கேட்டால் சொல்வதற்குப் பதிலைக் காலையிலேயே தயார் செய்துகொண்டு போகிறாள். மின்விசிறியின் இரைச்சலும் நாற்காலி இழுபடும் சத்தமும் ஆசிரியரின் குரலும் ஒரே உரப்பில் காதில் மோதும்போது அதில் பாடத்தை மட்டும் பிரித்தெடுக்கிறாள். இப்படித் தன் சிரமத்தை வெளியே தெரியாமல் மறைத்துக்கொள்வதற்குப் பெயர் மாஸ்கிங். இது எவ்வளவு நடக்கிறது என்று மதிப்பிட 25 வாக்கியங்கள் கொண்ட கேட்-க்யூ என்ற வினாத்தாள் இருக்கிறது. மாஸ்கிங் அதிகமுள்ளவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் அதிகம் காணப்படுகின்றன. 'மைல்டு' என்று நீங்கள் பார்ப்பது இந்த உழைப்பின் விளைவு. அதற்கான விலையை அவள் வீட்டுக்கு வந்து இருட்டில் கட்டுகிறாள்.

எனவே அந்த இருட்டை அவளிடமிருந்து பிடுங்காதீர்கள். வந்ததும் முதல் ஒரு மணி நேரத்துக்கு 'எப்படிப் போச்சு?' என்ற கேள்விகூட வேண்டாம். தண்ணீரும் சாப்பிட ஏதாவதும் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டுமானால் பக்கத்து அறையில் இருந்தாலும் போனில் செய்தியாக அனுப்பலாம். வாய் திறக்க முடியாத நேரத்திலும் பலருக்கு எழுத்து வரும்.

முத்திரைக்குப் பதில் என்ன வைப்பது? ஒரு பக்கக் குறிப்பு. இரண்டு வாரம் கவனித்து, அவளோடு சேர்ந்தே எழுதுங்கள். பேச்சு, புலன் உணர்வு, தன் பராமரிப்பு, திட்டமிடல், சாப்பாடும் தூக்கமும், பாதுகாப்பு என்று தலைப்புகள் இருந்தால் போதும். ஒவ்வொன்றிலும் தானே செய்வாளா, நினைவூட்டினால் செய்வாளா, யாராவது கூட நிற்க வேண்டுமா, அவளுக்காகப் பிறர் செய்ய வேண்டுமா என்று குறியுங்கள். நல்ல நாளுக்கு ஒன்று, மோசமான நாளுக்கு ஒன்று என்று இரண்டு பதில்கள் கட்டாயம் வேண்டும். பெரும்பாலோர் நல்ல நாளை மட்டும் எழுதிவிட்டுப் பிறகு திண்டாடுகிறார்கள்.

ஒரு வரி எப்படி இருக்க வேண்டும் என்று காட்டுகிறேன். 'குளியலில் உதவி தேவை' என்று எழுதினால் யாருக்கும் ஒன்றும் புரியாது. 'குளிக்கத் தெரியும். செய்துகொண்டிருப்பதை விட்டு எழுந்துபோவதில்தான் சிக்கல். பத்து நிமிடம் முன்னால் ஒரு முறை, நேரம் வந்ததும் ஒரு முறை சொன்னால் நல்ல நாளில் போய்விடுவாள். தேர்வு வாரத்தில் தலையில் தண்ணீர் விழுவது தாங்காது, ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதே போதும்.' இப்படி எழுதினால் புதிதாக வருகிறவருக்கும் என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிடும். பசியும் சிறுநீர் முட்டுவதும் தாமதமாகத்தான் உறைக்கிறது என்றால் அதையும் எழுதுங்கள். ஆட்டிசம் உள்ள பலருக்கு உடம்பின் உள் சமிக்ஞைகள் மங்கலாக வரும், அல்லது ஒரேயடியாக வரும். பள்ளிக்கு இதன் சுருக்கம் போதும்: சத்தம் தாங்காதபோது காதடைப்பான் போட அனுமதி, காரணம் கேட்காமல் பத்து நிமிடம் வெளியே போய்வர ஒரு அட்டை, வீட்டுப்பாடத்தை எழுத்தில் கொடுப்பது, திடீரென்று எழுப்பிக் கேள்வி கேட்காமல் இருப்பது. விண்ணப்பங்களில் லெவல் கேட்டால் தயங்காமல் எழுதுங்கள். சலுகை பெற அது தேவைப்படும். கூடவே இந்தப் பக்கத்தையும் இணைத்துவிடுங்கள்.

தம்பி மகனைப் பற்றி. பேச்சு வராததையும் புரியாததையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதுதான் 'லோ ஃபங்ஷனிங்' என்ற சொல் செய்யும் பெரிய கெடுதல். 2007இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு வாய்ப் பதிலையும் வாய்மொழி அறிவுறுத்தலையும் பெரிதும் சார்ந்த வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையையும், படப் புதிர்களால் ஆன ரேவன் சோதனையையும் வைத்தார்கள். ரேவனில் அவர்கள் சராசரியாக 30 சதமானப் புள்ளிகள் கூடுதலாக எடுத்தார்கள், அதாவது நூறு பேர் வரிசையில் 30 இடம் முன்னே. எந்தச் சோதனை என்பதைப் பொறுத்து அதே குழந்தை 'லோ' ஆகலாம், ஆகாமலும் போகலாம். அவனுக்குப் பட அட்டையோ டேப்லெட்டில் பேசும் செயலியோ இன்னும் கொடுக்கவில்லை என்றால் பேச்சுப் பயிற்சியாளரிடம் உடனே கேளுங்கள். அது வந்தால் பேச்சு வராமல் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. சாப்பாடு, தண்ணீர் படங்களோடு நின்றுவிடாமல் 'வேண்டாம்', 'நிறுத்து', 'வலிக்கிறது' மூன்றும் முதல் நாளிலிருந்தே இருக்கட்டும். நீங்களும் அதைத் தொட்டுத் தொட்டுப் பேசிக் காட்டி, பதிலுக்குக் குறைந்தது பத்து விநாடி காத்திருக்க வேண்டும். அவன் திடீரென்று தலையை இடித்துக்கொண்டாலோ கடித்துக்கொண்டாலோ பல், காது, மலச்சிக்கல், வயிற்று எரிச்சல் இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். 'அவன் அப்படித்தான்' என்று விட்டதில் வலி கவனிக்கப்படாமல் போவது சாதாரணமாக நடக்கிறது.

எல்லோருக்கும் இதில் ஒரே கருத்து இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 24 மணி நேரமும் துணை தேவைப்படும் பிள்ளைகளின் பெற்றோர் சிலர், முத்திரைகளை எடுத்துவிட்டால் தங்கள் வீட்டு நிலைமையே கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும் என்று அஞ்சுகிறார்கள். 2021இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்காக 'ப்ரொஃபவுண்ட் ஆட்டிசம்' என்ற சொல்லை முன்வைத்தது. ஆட்டிசம் உள்ளவர்களில் பலர் அதையும் எதிர்க்கிறார்கள். அந்தப் பெற்றோரின் பயம் நியாயமானது. ஆனால் 'இரவிலும் ஒருவர் விழித்திருக்க வேண்டும்' என்ற வரி, எந்த முத்திரையையும்விட அதைத் தெளிவாகச் சொல்லிவிடும் என்பது என் எண்ணம். 'நான் லெவல் 1' என்று தாங்களே விரும்பிச் சொல்லிக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். அது அவரவர் விருப்பம்.

உறவினர்களிடம் என்ன சொல்வது என்பதை மகளிடமே கேளுங்கள். சொல்லவே வேண்டாம் என்றால் சொல்லாதீர்கள். அவள் சம்மதித்தால் 'இவளுக்கு ஆட்டிசம் இருக்கு. கூட்டத்துல சத்தம் தாங்காது, அதனால சீக்கிரம் கிளம்பிடுவோம்' என்பது போதும். 'பார்த்தா தெரியலையே' என்று யாராவது சொன்னால் 'தெரியாத மாதிரி இருக்கத்தான் அவ ரொம்பக் கஷ்டப்படறா' என்று சொல்லலாம்.

ஒன்றில் மட்டும் தாமதம் கூடாது. அந்த இரண்டு மணி நேரம் நாலாக, ஐந்தாக நீண்டுகொண்டே போனாலோ, முன்பு செய்துவந்த வேலைகள் கைநழுவினாலோ, முன்பு பொறுத்துக்கொண்ட சத்தமும் வெளிச்சமும் இப்போது தாங்கவில்லை என்றாலோ அது ஆட்டிஸ்டிக் பர்ன் அவுட், அதாவது சமாளித்துச் சமாளித்து முழுவதுமாகக் களைத்துப்போவதாக இருக்கலாம். அது பல மாதங்கள் நீடிக்கும். 'இன்னும் முயற்சி செய்' என்று தள்ளினால் மோசமாகும், சுமையைக் குறைத்தால்தான் சரியாகும். ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு மூன்றையும் அதோடு சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ உயிரோடு இருக்க விருப்பமில்லை என்பதாகவோ பேச்சிலோ எழுத்திலோ ஒரு வரி தென்பட்டாலும் அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். அங்கே யாராவது 'லெவல் 1தானே' என்று தொடங்கினால் அந்த ஒரு பக்கக் குறிப்பை எடுத்து நீட்டுங்கள்.