ரோமப் படைச் சட்டம்: கேள்வியும் பதிலும்

கேள்வி: காவலில் தூங்கியவனை அடித்தே கொல்வார்களாமே. இருட்டில் தூங்கினான் என்று எப்படி நிரூபிப்பார்கள்?

பதில்: கி.மு. 2ஆம் நூற்றாண்டு நடைமுறையைக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாலிபியஸ் விரிவாக எழுதியிருக்கிறார். இரவு நான்கு சாமம். ஒவ்வொரு காவலுக்கும் குறி போட்ட சின்ன மரச்சில்லு உண்டு. ரோந்து வரும் குதிரைவீரன் சாட்சிக்கு நண்பர்களையும் கூட்டி வருவான். காவலாள் விழித்திருந்தால் ரோந்துக்காரன் அவனிடமிருந்து சில்லை வாங்கிக்கொள்வான். தூங்கினாலோ, ஆளே இல்லாவிட்டாலோ சாட்சிகளுக்குக் காட்டிவிட்டுச் சில்லைத் தொடாமல் நகர்ந்துவிடுவான். விடிந்ததும் சில்லுகள் டிரிபியூன் என்ற படையதிகாரியிடம் போகும். ஒன்று குறைந்தால், குறிகளை ஒத்துப்பார்த்தே எந்தக் காவல் தவறியது என்று கண்டுபிடித்துவிடலாம். பிறகு காவலாள், ரோந்துக்காரன் இருவரையும் நேருக்கு நேர் நிறுத்தி விசாரிப்பார்கள். ரோந்துக்காரனால் சாட்சி காட்ட முடியாவிட்டால் குற்றம் அவன்மேல் திரும்பும். எல்லோரும் தடியடியைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு இந்தச் சாட்சி விதிதான் பெரிதாகப் படுகிறது.

தீர்ப்பானதும் டிரிபியூன் ஒரு தடியால் குற்றவாளியைத் தொடுவார். அவ்வளவுதான், முகாமே தடியும் கல்லுமாகப் பாயும். பிழைத்தாலும் ஊர் திரும்ப முடியாது, உறவினர் வீட்டில் சேர்க்கவும் கூடாது.

கேள்வி: தாமதமாக வந்தவனும் ஓடிப்போனவனும் ஒன்றா?

பதில்: இல்லை. வெகுநாள் சுற்றிவிட்டுத் தானே திரும்பியவன் ‘எமான்சர்’. பிடித்துக் கொண்டுவரப்பட்டவன் ‘டெசெர்டர்’. மொடெஸ்டினஸ் என்ற சட்ட அறிஞர் பிரித்த கோடு இது. எமான்சரிடம் ஏன் போனாய், எங்கே இருந்தாய், என்ன செய்தாய் என்று கேட்டாக வேண்டும். நோய், பெற்றோர்மேல் பாசம், தப்பிய அடிமையைத் துரத்திப் போனது எல்லாம் மன்னிக்கத்தக்க காரணங்கள். ஒழுங்குமுறை இன்னும் பழகாத புது ஆளுக்கும் மன்னிப்பு உண்டு. டெசெர்டர் அமைதிக் காலத்தில் ஓடியிருந்தால் குதிரைவீரனுக்குப் பதவியிறக்கம், காலாளுக்குப் பிரிவு மாற்றம். போர்க்காலத்தில் ஓடியிருந்தால் மரணம்.

கேள்வி: ஆயுதத்தை விற்றுவிட்டால்?

பதில்: எதை விற்றான் என்பதைப் பொறுத்தது. கால்கவசமோ தோள்கவசமோ என்றால் பிரம்படி. மார்புக்கவசம், கேடயம், தலைக்கவசம், வாள் இவற்றில் ஒன்று போனாலும் ஓடிப்போனவனுக்குச் சமம். உரிய நேரமல்லாத நேரத்தில் ஆயுதத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் பெரும்பாலும் கிடங்குக் காவலரே பொறுப்பாவார்.

கேள்வி: ஐயா, உத்தரவை மீறிப் போரிட்டு வென்றால் மன்னிப்பார்களா?

பதில்: மாட்டார்கள். தளபதி தடுத்ததைச் செய்தவனுக்கு, காரியம் நல்லபடி முடிந்திருந்தாலும் மரணம்தான்.

கேள்வி: பத்தில் ஒருவரைக் கொல்வது வழக்கமான தண்டனையா?

பதில்: படைப்பிரிவே களத்தைவிட்டு ஓடும்போது மட்டும். சீட்டுப் போட்டுப் பத்துக்கு ஒருவரை அடித்துக் கொல்வார்கள். மிஞ்சியவர்களுக்குக் கோதுமைக்குப் பதில் வாற்கோதுமை, கூடாரம் அரணுக்கு வெளியே. வெகுகாலம் கைவிட்டிருந்ததை ஸ்பார்ட்டகஸ் தலைமையிலான அடிமைக் கிளர்ச்சியை எதிர்த்த போரில் ரோமத் தளபதி கிராசஸ் மீண்டும் கொண்டுவந்தார். கி.பி. 533இல் வெளியான டைஜஸ்ட் என்ற ரோமச் சட்டத் தொகுப்பில் உள்ள படைத் தண்டனைப் பட்டியலோ வேறு: அடி, அபராதம், கூடுதல் வேலை, பிரிவு மாற்றம், பதவியிறக்கம், அவமான நீக்கம். அவமானத்தோடு நீக்கப்பட்டவன் ரோம் நகரிலும், பேரரசர் இருக்கும் இடத்திலும் தங்கக் கூடாது.