'ரன்' என்றால் ஓடு மட்டும்தானா?

கேள்வி: ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே வினைச்சொல்லுக்கு 645 பொருள் இருக்கிறதாமே? ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் இல்லாதது அந்த மொழியின் வறுமைதானே? — வாசகர், மன்னார்குடி

பதில்: எண் சரிதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் மூன்றாம் பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் ஒன்பது மாதம் இந்த ஒரு வினையோடு மல்லுக்கட்டிப் பிரித்த கணக்கு அது. அதற்கு முன் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு. 1989 பதிப்பில் அதற்கு 430 பொருள்.

வறுமை என்கிறீர்களே, அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. மொழிகளைக் குஸ்திக்கு விட்டு எது பெரியது என்று பார்க்கும் வழக்கம் எனக்கு அறவே ஆகாது. நம் 'போடு' மட்டும் என்னவாம்? கோலம் போடுகிறோம், டீ போடுகிறோம், கணக்கு, ஓட்டு, பூட்டு, சண்டை, நகை, குட்டித் தூக்கம் எல்லாமே போடுகிறோம். ஆடு குட்டி போடுகிறது. இதை வறுமை என்று சொல்ல உங்களுக்கு மனசு வருமா? நாளெல்லாம் வாயில் புழங்கும் சின்னச் சொற்கள்தான் இப்படிக் கிளைவிடும். விழா மேடைக்கென்று எடுத்து வைத்திருக்கும் பெரிய சொற்கள் ஒரே பொருளோடு நின்றுவிடும்.

'ரன்'னும் அப்படித்தான். ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியில் சாயம் போவது, கடை நடத்துவது, பத்திரிகையில் செய்தி போடுவது எல்லாவற்றுக்கும் அதே சொல். ஆலையும் ரயிலும் வந்தபோது அவற்றுக்கும் அதுவே போதுமானதாக இருந்தது. பிறகு கம்ப்யூட்டர் புரோகிராமுக்கும். தேர்தலில் மட்டும் ஒரு வேடிக்கை. அமெரிக்க வேட்பாளர் 'ரன்', அதாவது ஓடுகிறார். பிரிட்டிஷ் வேட்பாளர் நம்மவரைப் போலவே நிற்கிறார்.

இத்தனை பொருளையும் யாரும் அறைக்குள் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. 1879-இல் அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் வேண்டுகோள் விடுத்தார்: படிக்கும் புத்தகத்தில் ஒரு சொல் வரும் வாக்கியத்தை, நூலின் பெயரும் பக்க எண்ணும் சேர்த்து, ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புங்கள். லட்சக்கணக்கில் சீட்டுகள் குவிந்தன. அனுப்பியவர்களில் வில்லியம் மைனரை மறக்கவே முடியாது. அமெரிக்க ராணுவ மருத்துவர். மனநோயில் லண்டனில் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு பிராட்மூர் மனநலக் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர். தன் அறையில் இருந்த பழைய நூல்களின் சொற்களுக்குப் பக்க எண்ணோடு பட்டியல் தயாரித்து வைத்துக்கொள்வார். ஆக்ஸ்ஃபோர்டில் இப்போது எந்தச் சொல்லில் வேலை நடக்கிறது என்று கேட்பார். அந்தச் சொல்லுக்கான வாக்கியங்களை மட்டும் எடுத்து அனுப்புவார். அந்த மனிதரின் உழைப்பை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கசிகிறது.

இவ்வளவு பேர் பாடுபட்டுத் திரட்டியதை நம் வகுப்பறைகளில் 'ரன் = ஓடு' என்று கரும்பலகையில் ஒரே வரியில் எழுதி, பத்து முறை எழுதிவரச் சொல்கிறார்கள். என் கோபமெல்லாம் இதன்மேல்தான். மூக்கு 'ரன்' ஆகிறது என்று படிக்கும் பிள்ளை அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு என்ன செய்யும்? ஆசிரியர்களே, பொருள் பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். படித்த கதையிலிருந்து அந்தச் சொல் வரும் பத்து வாக்கியங்களை எழுதிவரச் சொல்லுங்கள், பக்க எண்ணோடு.