மீதியைக் கேட்டால் எண்ணைத் தேடாதீர்கள்

கேள்வி: டேட்டா சஃபிஷியன்சி கேள்விகளில் (கொடுத்த கூற்றுகள் விடை சொல்லப் போதுமா என்று மட்டும் கேட்பவை) மீதி என்று வந்தாலே தடுமாறுகிறேன். ஒரு பயிற்சித் தேர்வில் வந்தது இது: n ஒரு மிகை முழு எண். அதை 24ஆல் வகுத்தால் மீதி என்ன? கூற்று 1: n-ஐ 4ஆல் வகுத்தால் மீதி 3. கூற்று 2: n-ஐ 6ஆல் வகுத்தால் மீதி 5. நாலாறு இருபத்துநாலு என்று கணக்குப் போட்டு, 'இரண்டும் சேர்ந்தால் போதும்' என்று குறித்தேன். தவறாம். எப்படி?

பதில்: அந்த 'நாலாறு இருபத்துநாலு'தான் காலை வாரிவிட்டது. இரண்டு கூற்றுக்கும் பொருந்தும் எண்களை எழுதிப் பாருங்கள்: 11, 23, 35, 47. இவற்றை 24ஆல் வகுத்தால் மீதி 11, 23, 11, 23 என்று மாறி மாறி வருகிறது. இரண்டு விடை வந்துவிட்டதே, அப்புறம் எப்படிப் போதும்?

காரணம் எளிது. இரண்டு கூற்றிலும் மீதி, வகுக்கும் எண்ணைவிட ஒன்று குறைவு. n-உடன் 1 சேர்த்தால் 4ஆலும் வகுபடும், 6ஆலும் வகுபடும். ஆனால் 4, 6 இரண்டிலும் 2 பொதுவாக இருக்கிறது. அதை இரண்டு தடவை எண்ணக் கூடாது. அதனால் உறுதியாகச் சொல்ல முடிவது அவற்றின் மீச்சிறு பொதுமடங்கான 12ஆல் வகுபடும் என்பது மட்டுமே. கேள்வியில் 24க்குப் பதில் 12 இருந்திருந்தால் மீதி 11, உங்கள் விடையும் சரி. அல்லது முதல் கூற்று '8ஆல் வகுத்தால் மீதி 7' என்றிருந்தால் 24க்கே மீதி 23 என்று கிடைத்திருக்கும்.

எண்களை எழுதும்போது ஒரு எச்சரிக்கை. நானே ஏமாந்த இடம் இது. 'n ஓர் ஒற்றை இலக்க எண், 5ஆல் வகுத்தால் மீதி 3, n என்ன?' என்றால் என் கை நேராக 8க்குப் போய்விடும். 3-ஐ 5ஆல் வகுத்தால் ஈவு 0, மீதி 3 என்பது நினைவுக்கே வராது. 3, 8 என்று இரண்டு விடை இருக்க, ஒன்றுதான் என்று நினைத்து 'போதும்' என்று குறித்திருக்கிறேன், ஒரு தடவை அல்ல.

போதாது என்று காட்ட, வேறு வேறு விடை தரும் இரண்டு எண் கிடைத்தால் வேலை முடிந்தது. போதும் என்று சொல்லத்தான் எண்களை மட்டும் நம்ப முடியாது. 'p ஒரு பகா எண். p-யின் வர்க்கத்தை 12ஆல் வகுத்தால் மீதி என்ன?' 5, 7, 11, 13 எதை வைத்தாலும் மீதி 1. ஆகா, 'போதும்' என்று குறித்துவிடுவோம். 2-உம் 3-உம் பகா எண்கள்தானே! அவற்றின் வர்க்கங்கள் 4, 9, மீதியும் அவையே. p 3-ஐ விடப் பெரியது என்று சொல்லியிருந்தால் மட்டுமே போதும்.

'ஆம், இல்லை' வகைக் கேள்விகளில் இன்னொரு சிக்கல். n 6ஆல் வகுபடுமா என்று கேட்டு, 12ஆல் வகுத்தால் மீதி 3 என்று கொடுத்தால் பலர் 'வகுபடாது, ஆகவே போதாது' என்று குறிக்கிறார்கள். n ஒற்றைப்படை, 6ஆல் வகுபடவே வகுபடாது. உறுதியான 'இல்லை' கிடைத்துவிட்டது, அந்தக் கூற்று போதும்.