மாஸ்கோவையே எதிரிக்கு விட்டுக்கொடுத்த தளபதி குதுசோவை ரஷ்யர்கள் ஏன் கொண்டாடுகிறார்கள்?

அவர் செய்ததை நம் பேச்சுவழக்கில் 'விட்டுப் பிடிப்பது' எனலாம். நிலத்தை விட்டாலும் படையைக் காப்பாற்றுவது.

மிகயீல் குதுசோவ் 1745இல் பிறந்தவர். துருக்கியப் போர்களில் இருமுறை தலையில் குண்டு பாய்ந்தும் பிழைத்தவர். நெப்போலியனின் பிரெஞ்சுப் படை ரஷ்யாவுக்குள் புகுந்திருந்த 1812 ஆகஸ்டில் ரஷ்யப் படையின் தலைமைத் தளபதியானார். செப்டம்பர் 7 அன்று போரதினோவில் நெப்போலியனோடு மோதியதில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 70,000 பேர் மாண்டோ காயமுற்றோ வீழ்ந்தனர். மறுபடி மோதினால் படை மிஞ்சாது என்று மாஸ்கோவைக் காலி செய்தார்.

பெரிய மீன் சிக்கினால் உடனே சுண்டி இழுப்போமா? தூண்டில் நரம்பு அறுந்துவிடும். கயிறு விட்டு, களைக்க வைத்துத்தான் இழுப்போம்.

அவர் பின்வாங்கிய இடம்தான் சூட்சுமம். மாஸ்கோவுக்குத் தென்மேற்கே தருதினோவில் முகாமிட்டதால், தானியமுள்ள கலூகாவும் ஆயுதத் தொழிற்சாலையுள்ள தூலாவும் அவர் கைவிட்டுப் போகவில்லை. எரிந்துபோன மாஸ்கோவில் நெப்போலியன் சமாதானத் தூதுக்காக ஐந்து வாரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. கிளம்பியபோது மலோயரஸ்லாவெத்ஸ் என்ற ஊரில் குதுசோவின் படை தெற்கு வழியை அடைத்தது. ஏற்கெனவே சூறையாடிய ஸ்மொலென்ஸ்க் சாலையிலேயே பட்டினியோடு திரும்ப வேண்டியதாயிற்று.

குதுசோவ் 1813 ஏப்ரலில் இறந்தார். 1942இல் சோவியத் அரசு அவர் பெயரில் ராணுவ விருது நிறுவியது.

பலர் நினைப்பதுபோல் பனி மட்டுமே பிரெஞ்சுப் படையை அழிக்கவில்லை. பனி விழுமுன்பே, மாஸ்கோ வரும் வழியிலேயே வெயில், பசி, நோய், போர் எல்லாமாக அதன் முதன்மைப் படையைப் பாதிக்கும் கீழே குறைத்திருந்தன.